இருபத்திரண்டு தட்டு நாற்று

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சை வலைக்குக் கீழே நாங்கள் மூன்று பேர் இருந்தோம். அக்கா, அம்மா, நான். அப்பா இல்லை, தறிக்கூடத்தில் ஒரு ஆள் வராததால் ஞாயிறும் தறி ஓட்டப் போயிருந்தார். பக்கத்து நிலத்துக்கார மாமாவும் இல்லை. பள்ளிபாளையத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பார்க்க முந்தின நாளே பஸ் ஏறியிருந்தார். அப்பா இருந்திருந்தால் எதுவும் மாறியிருக்காது. மாமா இருந்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்திருக்கும்.

எங்கள் வீடு ஜலகண்டாபுரத்துக்கு வெளியே, தறிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. பின்னால் ஐந்து சென்ட் இடம். அதில் ஒரு முருங்கை, துணி துவைக்கும் கல், எருக்குழி. மிச்சமெல்லாம் வெறும் மண். அக்கா மில்லை விட்டு வந்த பிறகுதான் அந்த வெறும் மண்ணை நாங்கள் ஒரு இடம் என்று நினைக்க ஆரம்பித்தோம்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி, கொஞ்ச நாள் அம்மாவோடு தறிக்கு நூல் தார் சுற்றிவிட்டு, பிறகு நூற்பாலைக்குப் போனாள். பதினேழு வருடம் அங்கேயே விடுதியில் இருந்தாள். அவள் அனுப்பிய பணத்தில்தான் வீட்டுக்கு ஓடு மாற்றிக் காங்கிரீட் போட்டோம். அந்தப் பணத்தில்தான் நான் பள்ளிக்கூடம் முடித்து, வேதியியலில் பட்டமும் வாங்கினேன். எங்கள் வீட்டில் படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. கோவிலில் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு சொல் தப்பாமல் பாடுவாள். அதனால் எழுத்துள்ள எந்தப் பொருள் வீட்டுக்குள் வந்தாலும், மருந்துச் சீட்டு, ரேஷன் ரசீது, கரண்ட் பில், எல்லாம் என் கைக்குத்தான் வரும். நாமக்கல்லில் கோழித்தீவன ஆலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. வாரம் முழுவதும் அங்கே அறை எடுத்துத் தங்கிவிட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வருவேன். வந்து இறங்கும் மக்காச்சோள மூட்டையில் ஒரு கை அள்ளி முகர்ந்து, பூஞ்சை வாடை இருக்கிறதா என்று சொல்வதும் என் வேலையில் சேர்த்தி.

அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்து இரண்டு வருடம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. படியேறினால் நிற்கிறாள் என்று அம்மாதான் கண்டுபிடித்தாள். சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எவ்வளவு வருசமா மில்லுல இருக்கிறீங்க?”

“பதினேழு வருசமுங்க.”

“போதும்மா. இனி பஞ்சுத்தூசி பக்கமே போகாதீங்க. போனா இப்ப இருக்கிற மூச்சும் இருக்காது.”

பஸ்ஸில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள். “மில்லு வேண்டாம்னு சொல்றாரு. வேற என்ன பண்றதுன்னு சொன்னாரா?”

அவளாகவே ஒன்று கண்டுபிடித்தாள். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நாற்றுப் பண்ணை. பெரிய நிழல்வலைக் கூடாரங்கள், குழித்தட்டுகளில் தக்காளி, கத்தரி, மிளகாய். அங்கே ஆறு மாதம் கூலிக்குப் போனாள். தேங்காய் நார்த்தூளைத் தட்டில் நிரப்புவது, எல்லாக் குழியிலும் ஒரே ஆழத்தில் விரல் பதிப்பது, குழிக்கு ஒரு விதை போடுவது, விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நெகிழித் தாளால் மூடி முளைவிடும்வரை வெப்பத்தில் வைப்பது, முளை தெரிந்த அன்றே பிரித்துப் பரப்புவது, எல்லாம் கையோடு கற்றுக்கொண்டாள். ஆனால் அங்கே வாரம் இரண்டு தடவை மருந்தடிப்பார்கள். அந்த வாடையில் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். ஒருநாள் கூடாரத்துக்கு வெளியே உட்கார்ந்து மூச்சைத் தேடிக்கொண்டிருந்தபோது, மேஸ்திரி வந்து, “அம்முணி, நாளையிலிருந்து வேண்டாம்” என்றாராம்.

அதனால்தான் மருந்தே படாத நாற்று என்ற எண்ணம் அவளுக்கு வந்தது. வேறு யாருக்காவது அது கொள்கையாக இருக்கலாம். அக்காவுக்கு அது மூச்சு.

எங்கள் தேவாலயப் பங்கில் மாதர் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் கன்னியர் மடத்து சிஸ்டர் இதைக் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலத்தில் கறி வாங்காமல் மிச்சமாகும் காசில் வீட்டுக்குப் பத்து நாற்று வாங்கி நடவேண்டும், தொட்டியிலோ வாசலிலோ மருந்து போடாமல் வளர்க்கவேண்டும், முதலில் வரும் காயை இல்லாத வீட்டுக்குக் கொடுக்கவேண்டும் என்று அந்த வருடம் பங்கில் முடிவு செய்திருந்தார்கள். பங்குனியில் வரும் சூசையப்பர் திருநாள் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் நாற்றுகளை மந்திரித்துக் கொடுப்பார். மொத்தம் இருநூறு வீடு. வீட்டுக்கு நாலு தக்காளி, மூன்று கத்தரி, மூன்று மிளகாய், கூடவே ஒரு கிலோ மண்புழு உரம்.

“உன்னால முடியுமா?” என்று கேட்டார் சிஸ்டர்.

“முடியுமுங்க சிஸ்டர். ஆனா பூச்சி கடிச்ச எலை ஒண்ணு ரெண்டு இருந்தா கோவிச்சுக்கப்படாது. நான் ஒரு சொட்டு மருந்து அடிக்க மாட்டனுங்க.”

“பூச்சிக்கிட்டயும் தவக்காலம்னு சொல்லிப் பாரு” என்று சிரித்துவிட்டு, நாலாயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்தார். இது நன்றாக நடந்தால் பக்கத்துப் பங்குகளிலும் சொல்வதாகச் சொன்னார். அக்கா அன்று மாலை முழுவதும் எந்தெந்தப் பங்கு எவ்வளவு தூரம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா மூங்கில் நட்டார். நானும் அவரும் வலையை இழுத்துக் கட்டினோம். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், மண்புழு உரத்தில் கலக்கக் கடலைப் புண்ணாக்கும் வேப்பம்புண்ணாக்கும் வாங்கி, மூட்டையை ஆட்டோவில் ஏற்றி, பஸ் நிலையத்தில் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்து சேர்த்தேன். மீன் கரைசல் என்னுடைய யோசனை. தை மாதத் தொடக்கத்திலேயே, மேட்டூர் அணை மீன் விற்கிறவரிடம் தலையும் குடலும் வாங்கி, சம அளவு வெல்லம் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைத்திருந்தேன். பயிருக்கு அது நல்ல பச்சையைக் கொடுக்கும் என்று படித்திருந்தேன்.

“மூணு வருசம் காலேசுல படிச்சுப்போட்டு வந்து மீன் கொடலை ஊற வெக்கறான் பாரு” என்றார் அப்பா. “என்ற கூடத் தறிக்கு வந்திருந்தா இந்நேரம் ரெண்டு தறி சொந்தமா ஓட்டியிருப்பான்.”

அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். “தவக்காலத்துல மீன் திங்கலாம்னுதான் சாமியார் சொன்னாரு. நாப்பது நாளும் மோந்துக்கிட்டே இருக்கோணும்னு சொல்லல.”

மாசி பிறந்த வாரத்தில் விதைத்தோம். இருபத்திரண்டு தட்டு, தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி. ஐந்தாம் நாள் தக்காளி முளைத்தது, ஏழாம் நாள் கத்தரி. மிளகாய் மட்டும் பத்து நாள் காக்கவைத்தது. அக்கா நாளுக்கு மூன்று தடவை வலைக்குள் போய்க் குனிந்து பார்ப்பாள். அந்த நாட்களில் அவள் இருமியதாக எனக்கு நினைவில்லை. இருமியிருக்கலாம். நான் கவனிக்காத அளவுக்கு வீட்டில் வேறு பேச்சு இருந்தது.

திருநாளுக்குப் பதினோரு நாள் இருக்கும்போதுதான் அந்த ஞாயிறு வந்தது. நாற்றெல்லாம் விரல் உயரம் எழுந்திருந்தது. ஆனால் இலை கொஞ்சம் வெளுப்பு. நார்த்தூளில் சத்து இல்லை. மேலே ஏதாவது கொடுத்தாகவேண்டும். அக்கா பூவாளியை எடுத்தாள்.

“பூவாளி வேண்டாம்க்கா. தண்ணி வேகமா விழுந்து நாத்தைச் சாய்ச்சுப்போடும். மாமா ஊட்ல மருந்து டேங்க் இருக்குதல்ல, அதுல அடிச்சா பனி மாதிரி எறங்கும்.”

“அடுத்தவங்க டேங்க் எதுக்கு சாமி? மெதுவா ஊத்திக்கறேன். எனக்கு என்ன அவசரம்?”

“அரை மணி நேரத்துல முடிஞ்சுரும்.”

உண்மையில் அவசரம் எனக்குத்தான். மறுநாள் விடியற்காலை நாமக்கல் பஸ் பிடிக்கவேண்டும். என் கரைசலை என் கையாலேயே அடித்துவிட்டுப் போகவேண்டும் என்றும் ஆசை.

மாமா வீட்டில் அத்தை மட்டும் இருந்தார். “மாமா மக ஊட்டுக்குப் போயிருக்கறாரு சாமி. டேங்க்கா? மாட்டுக்கொட்டாயில தொங்குது, எடுத்துக்கோ. கழுவித்தான் வெச்சிருப்பாரு.”

அதில் கடைசியாக என்ன அடித்தார் என்று நான் கேட்கவில்லை. இதை எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். எழுத்து எங்கிருந்தாலும் படிக்காமல் விடுகிறவன் இல்லை நான். புண்ணாக்கு மூட்டையின் மேல் அச்சடித்திருந்ததைக்கூட முழுதும் படித்தேன். அந்த டேங்க்கின் மேல் எழுத்து எதுவும் இல்லை. எழுத்து இல்லாத ஒன்றிடம் கேள்வி கேட்க எனக்கு எந்தப் பள்ளியிலும் பழக்கம் வரவில்லை.

மூன்று தடவை சோப்புத்தூள் போட்டுக் கழுவினேன். அக்கா குழாய் முனையை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். “என்ற மூக்கு பஞ்சுல செத்துப்போச்சு. நீ மோந்து பாரு.”

முகர்ந்தேன். மீன் வாடை மட்டும்தான் தெரிந்தது. டிரம்மைத் திறந்து வடிகட்டி, முழங்கை வரைக்கும் மீன் கரைசலோடு நின்றிருந்தேன். வேறெந்த வாடை இருந்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. “ஒண்ணுமில்லக்கா” என்றேன். லிட்டருக்கு மூன்று மில்லி என்று ஊசிக்குழாயால் அளந்து ஊற்றினேன். அம்மா டேங்க்கின் மூடியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். முதுகில் மாட்டிக்கொண்டு அடித்தேன். ஈரம் இலைகளின்மேல் பனி போலவே இறங்கியது. அக்கா பின்னாலேயே வந்து, “அந்த மூலையில படல, இன்னொருக்கா” என்று இரண்டு தட்டுகளைக் காட்டினாள். அங்கே இன்னொரு தடவை அடித்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாமக்கல்லுக்கு அவளுடைய போன் வந்தது.

“தம்பி, தக்காளி தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது.”

“தண்ணி ஊத்துனியா?”

“தண்ணி இல்லாம வாடறதில்ல இது. தண்டு பாம்பாட்டம் நெளிஞ்சிருக்குது. எலை கீழாக்கச் சுருண்டுக்கிச்சு.”

“சத்து அதிகமாயிருக்கும். ரெண்டு நாளைக்கு வெறுந்தண்ணி ஊத்துக்கா, சரியாயிரும்.”

அவள் படம் அனுப்பினாள். கூட வேலை செய்பவர் பார்த்துவிட்டு வைரஸ் என்றார். நான் போனில் தேடித் தேடிப் படித்தேன். மீன் கரைசல் கூடிப்போனால் இலை ஓரம் கருகும் என்று இருந்தது, எங்களுடையது கருகவில்லை. வைரஸ் என்றால் ஒன்றிரண்டில் தொடங்கும் என்று இருந்தது. எங்களுக்குத் தக்காளி முழுவதும் ஒரே நாளில் திரும்பியிருந்தது. தெரிந்த ஒவ்வொரு காரணமும் பொருந்தாமல் போனது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் போனில், “சரியாயிரும்” என்றே சொன்னேன். வியாழக்கிழமை கத்தரி முறுக்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை மிளகாய்.

அடுத்த ஞாயிறு, திருநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, மாமா டேங்க்கைத் திருப்பி எடுத்துப்போக வந்தார். வலைக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்ன அம்முணி, நாத்தெல்லாம் சம்பந்தி சண்டை போட்டாப்பல ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது?”

யாரும் சிரிக்கவில்லை. மாமா குனிந்து ஒரு தக்காளியைக் கிள்ளி, தண்டை விரலில் உருட்டிப் பார்த்தார். பிறகு துணி துவைக்கும் கல்லின்மேல் இருந்த டேங்க்கைப் பார்த்தார். முகம் மாறியது.

“இதுல அடிச்சீங்களா?”

“ஆமாங்க மாமா” என்றேன்.

“அட சாமி… போன மாசம் மக்காச்சோளத்துக்கு இதுலதான் களைக்கொல்லி அடிச்சேன். சோளத்தை ஒண்ணும் பண்ணாது. அகல எலைக் களைய மட்டும் முறுக்கிக் கொன்னுபோடும்.”

“மூணு தடவை கழுவினேன் மாமா. சோப்புப் போட்டு.”

“முப்பது தடவை கழுவினாலும் குழாய் ஓசுலயும் ரப்பர் வாசர்லயும் நிக்குமே. அதுக்காவத்தான காய்ச் செடிக்கு வேற டேங்க் வெச்சிருக்கறேன். நெல்லு மூட்டைக்கிட்ட, உள்ளாரயே இருக்குது. என்ற ஊட்டுக்காரிக்கு அது தெரியாது. நீ படிச்ச புள்ள, என்ன அடிச்சதுன்னு ஒரு வார்த்தை போன் போட்டுக் கேட்டிருக்க மாட்டியா?”

அக்கா தட்டுகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “தக்காளியும் அகல எலைதானுங்க.”

மாமா டேங்க்கை எடுத்துக்கொள்ளாமலே போய்விட்டார்.

அந்த ஞாயிறும் தறிக்குப் போயிருந்த அப்பா பொழுது சாய்ந்ததும் வந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, வலைக்குள் போய்ப் பார்த்துவிட்டு, கை கால் கழுவி உட்கார்ந்தார்.

“குடுத்துப் போடுங்க” என்றார். “நட்டு நாலு நாள்ல நிமுந்துக்கும். நிமுராட்டிப் போவுது. பாதி ஊட்ல தண்ணியே ஊத்தமாட்டாங்க. செத்துப்போனா அவங்க தப்புன்னு நெனைச்சுக்குவாங்க.”

“அளவு ரொம்பக் கம்மிதான்க்கா” என்றேன் நானும். “டேங்க்குல ஒட்டிக்கிட்டிருந்ததுதான். புது எலை நல்லா வந்தாலும் வரும்.”

நான் சொன்னது பொய்யில்லை, அப்படியும் படித்திருந்தேன். ஆனால் உண்மை என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. சிஸ்டர் முன்னால் போய் நிற்க எனக்குப் பயம். அக்கா மறுபடி மில் வேனில் ஏறுவதைப் பார்க்க அதைவிடப் பயம்.

அக்கா என்னைப் பார்த்தாள். “காய் வந்தா?”

“வரும்னு நெனைக்கிறேன்.”

“அதைத் திங்கலாமா?”

நான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன்.

“சின்னப் புள்ளைங்க திங்கலாமா? நீதான சாமி படிச்சவன். சொல்லு.”

“தெரியலக்கா.”

மூன்று வருடம் வேதியியல் படித்தவன் அன்றைக்குச் சொன்னதில் அது ஒன்றுதான் சுத்தமான வார்த்தை.

“உனக்கே தெரியாததை நான் எப்படி அடுத்தவங்க ஊட்டுக்குக் குடுக்கறது? மருந்தில்லா நாத்துன்னு தட்டுக்குத் தட்டு நீயே எழுதி ஒட்டியிருக்கற.”

அப்பா எழுந்துவிட்டார். அவர் குரல் உயரவில்லை. “குடுக்காட்டி நீ மில்லுக்குத்தான் போகோணும் அம்முணி. கையில வேற ஒண்ணுமில்ல. தெரியுமல்ல?”

“தெரியுமுங்கப்பா.”

திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு அவளோடு கன்னியர் மடத்துக்குப் போனேன். சிஸ்டரோடு, பங்கு நிர்வாகம் பார்க்கும் பேரவைக்காரர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார். அக்கா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். நாலாயிரம் ரூபாயை மேசைமேல் வைத்தாள். அது என் சம்பளத்திலிருந்து எடுத்தது.

“பணத்துக்கு என்னம்மா அவசரம்?” என்றார் சிஸ்டர். “யாரோட தப்பு இது?”

“எங்க தப்புங்க சிஸ்டர்.”

“என் தப்பு” என்றேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

பேரவைக்காரர் நாற்காலியில் சாய்ந்தார். “நான் அன்னைக்கே சொன்னனுங்க சிஸ்டர். ஊட்டுப் பின்னால வலை கட்டி வளக்கறதெல்லாம் ஆசைக்கு சரி. ரெண்டாயிரம் நாத்துன்னா பெரிய பண்ணையிலதான் வாங்கோணும். இப்பவும் ஒரு போன் போட்டா வேன்ல எறக்கிப்போடுவான்.” சொல்லிவிட்டு போனை எடுத்தார். சிஸ்டர் தடுக்கவில்லை. தடுக்க அவரிடம் என்ன இருந்தது? திருநாளுக்கு மூன்று நாள்.

கிளம்பும்போது சிஸ்டர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ வந்து சொன்னியே, அது பெரிசு.” அக்கா தலையாட்டினாள். கேட்டுக்கு வெளியே வந்ததும், “அடுத்த பங்கைப் பத்தி ஒண்ணும் சொல்லல பாத்தியா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று மத்தியானமே நாற்றுகளை அழித்தோம். எருக்குழியில் போட்டால் அந்த எருவும் கெடும் என்பதால் கடைசி மூலையில் தனியாகக் குழி வெட்டினேன். அக்கா ஒவ்வொரு தட்டாகக் கவிழ்த்துத் தட்டினாள். நாற்றுகள் குழி வடிவத்தில் நார்த்தூளோடு முழுசாக விழுந்தன. மேலே முறுக்கிப்போன தண்டு. கீழே வேர் மட்டும் வெள்ளை வெளேரென்று, ஒன்றோடொன்று பின்னி, ஒரு குறையும் இல்லாமல்.

“வேரு பாரு சாமி” என்றாள் ஒரு தடவை. “எவ்வளவு நல்லா ஓடியிருக்குது.”

பதினேழாவது தட்டில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மிச்சத்தை அம்மாவும் நானும் கவிழ்த்தோம். அம்மா ஒவ்வொரு தட்டுக்கும் ஏதோ முணுமுணுத்தாள். செபமா திட்டா என்று நான் கேட்கவில்லை.

சூசையப்பர் திருநாளன்று வேன் வந்து இறங்கியது. ஒரே உயரம், ஒரே பச்சை, ஒரு கிழிந்த இலை இல்லை. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். கொடுக்கிற இடத்தில் பெண்கள் நாற்றைத் தண்டைப் பிடித்து இழுத்து ஒடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் அம்மாவும் கடைசி வரிசையில் நின்றிருந்தோம். அக்கா முன்னால் போய்விட்டாள். “அப்படி இழுக்கப்படாதுங்க. அடியில இப்படி அமுக்குனா தானா வந்துரும்” என்று காட்டிக்கொண்டே, இருநூறு வீட்டுக்கும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு வயதான அம்மா கேட்டார். “நீ வளத்ததா கண்ணு?”

“இல்லீங்கம்மா, வெலைக்கு வாங்கினது. மருந்தடிச்ச நாத்து. பத்து நாளைக்கு எலையைத் தொட்டா கையைக் கழுவிக்கங்க.”

அதையே அவள் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பேரவைக்காரர் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். அவள் நிறுத்தவில்லை.

சித்திரை பிறந்து இரண்டாம் வாரம் மில் வேன் வந்தது. நான் நாமக்கல்லில் இருந்தேன். என் சம்பளத்தில் சமாளிக்கலாம் என்று அதற்கு முன்பே எத்தனையோ தடவை சொல்லியிருந்தேன். வீட்டுக்குப் போட்ட காங்கிரீட்டின் தவணையே இன்னும் முடியவில்லை, உன் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும் என்று அவள் விரல் விட்டு எண்ணிக் காட்டியிருந்தாள். பேக்கிங் பிரிவில்தான் போடச் சொல்லியிருக்கிறேன், அங்கே தூசி குறைச்சல் என்று போனில் சொன்னாள். நான்கு அடுக்குத் துணியில் முகமூடி தைத்து எடுத்துக்கொண்டு போனாள் என்று அம்மா சொன்னாள்.

முதல் மாதம் பேக்கிங். இரண்டாவது மாதம் ஆள் குறைவு என்று நூற்கும் பக்கம் மாற்றினார்கள். அதை அவள் சொல்லவில்லை, குரலில் தெரிந்தது. பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நிற்க ஆரம்பித்தாள். “தண்ணி குடிக்கறேன்” என்பாள். ஆடி பிறந்து சில நாளில் விடுதி வார்டன் போன் செய்து, உங்க அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே வாருங்கள் என்றார். நான் போனபோது மூக்கில் குழாயோடு உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு வரவில்லை. என்னைப் பார்த்ததும் பேச வாயெடுத்தாள், வரவில்லை. கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். ஆறு நாள் அங்கே இருந்தோம்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். காலையும் மாலையும் இன்ஹேலரில் உறிஞ்சு மருந்து. அது இனி எப்போதும் உண்டு என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலையையும் தட்டுகளையும் மாமாவே வந்து மடித்து அவர் வீட்டுப் பரணில் போட்டுக்கொண்டார். வேண்டும்போது கேளுங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை.

அக்கா வீட்டுக்கு வந்த நாலாவது நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டாள். “எல்லாஞ் சேத்து எவ்வளவு ஆச்சு சாமி?”

எதைக் கேட்கிறாள் என்று எல்லோருக்கும் புரிந்தது. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூங்கில், வலை, தட்டு, நார்த்தூள், விதை, மண்புழு உரம், புண்ணாக்கு, மீன், வெல்லம், எல்லாம் பதினோராயிரத்து முந்நூற்று ஐம்பது என்றேன். ஆஸ்பத்திரியும் மருந்தும் பதினெட்டாயிரத்து அறுநூறு.

“மில்லுல வந்த கூலியைக் கழிச்சா?” என்றார் அப்பா.

“அதைக் கழிக்க வேண்டாமுங்கப்பா” என்றாள் அக்கா. மூச்சு விட்டுக்கொண்டு மறுபடி சொன்னாள். “அது வேற. மூச்சைக் குடுத்து வாங்கினது.”

நான் கழிக்காமல் கூட்டினேன். இருபத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.